ஓட்டில்லாத கன்சர்வேடிவ்

அமெரிக்காவுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு கிளாஸ் ஒயினை வேண்டாம் என்று சொல்லப் போய் நான் ஒரு கட்சிக்காரி ஆகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு எடுத்திருந்தோம். பக்கத்து வீட்டில் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். எங்கள் மகள் அவரை அங்கிள் என்று கூப்பிடுவாள். டெக்சாஸில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லையாம். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போகவே, நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். ஒரு சனிக்கிழமை எங்களை பார்பெக்யூவுக்கு அழைத்தார். ஒயின் நீட்டினார், வேண்டாம் என்றேன். பீர் நீட்டினார், வேண்டாம் என்றேன். தட்டில் கறித்துண்டை வைக்க வந்தபோது தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்த மனிதரின் முகம் வாடிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "வி ஆர் வெரி கன்சர்வேடிவ்."

ஈரோட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் எங்கள் வீட்டைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன வார்த்தை அது. எங்கள் ஊர் ஆங்கிலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். குடிக்க மாட்டார்கள், கறி தின்ன மாட்டார்கள், வீட்டுப் பெண் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடும். அங்கிள் இடுக்கியைக் கீழே வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்குத் தெரியும். உங்களைப் பார்த்த அன்றைக்கே தெரியும்" என்றார். சைவத்துக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப் போனேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு கட்டுப் பத்திரிகைகள் கிடந்தன. மேலே ஒரு துண்டுச் சீட்டில் ஏ.எம். ரேடியோ ஸ்டேஷன் ஒன்றின் எண்ணும், தினமும் மதியம் கேட்கும்படி ஒரு குறிப்பும் இருந்தன. என் கணவர் மேலட்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அப்பா கோயமுத்தூர் மில்லில் செங்கொடி பிடித்த யூனியன்காரர்.

"ஏம்மா, அந்த மனுசன்கிட்ட என்ன சொல்லி வெச்சே?"

"கன்சர்வேடிவ்னு சொன்னேனுங்க. அதுல என்ன தப்பு?"

அவர் சோபாவில் உட்கார்ந்து எனக்கு அமெரிக்க அரசியலைக் கால் மணி நேரத்தில் விளக்கினார். இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார், எந்த வார்த்தை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது, கன்சர்வேடிவ் என்றால் இங்கே வலதுசாரிக் கட்சியின் ஆள் என்றெல்லாம் சொன்னார். கேட்டு முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே போய் அங்கிளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் ரேடியோவைக் கேட்டுவிட்டேன்.

டிபென்டென்ட் விசாவில் வந்தவள் நான், வேலைக்குப் போகக் கூடாது. காலை ஏழு மணிக்கு என் கணவர் ஃப்ரீவேயில் ஏறிவிடுவார். மகள் தனியார் பாலர் பள்ளிக்குப் போனதும் வீட்டில் நானும் அடுப்பும் மட்டும்தான். மதியம் மூன்று மணி நேரம் அந்த ஸ்டேஷனில் ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். வரி, அரசாங்கம், பள்ளிக்கூடம், மறுபடியும் வரி. முதல் வாரம் பாதி புரியவில்லை, புரிந்த பாதிக்கு அடுப்படியிலிருந்தே தமிழில் பதில் சொல்லிச் சண்டை போட்டேன். இரண்டாம் வாரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அப்படிச் சொல்லுங்க" என்று தலையாட்டியதை நானே கவனித்தேன்.

எனக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வராததற்கு எந்த ரேடியோவும் தேவைப்படவில்லை. அப்பா டெலிபோனுக்கு எழுதிப் போட்டபோது நான் ஏழாம் வகுப்பு படித்தேன். எங்கள் வீட்டில் முதல் மணி அடித்தபோது கல்லூரி இரண்டாம் வருடம். நடுவில் அப்பா எத்தனை ஆபீஸ் படி ஏறினார், எத்தனை பேருக்கு வணக்கம் போட்டார் என்று பார்த்தவள் நான். எல்லாவற்றையும் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று எவராவது சொன்னால் எனக்கு அந்தக் கறுப்பு டெலிபோன்தான் நினைவுக்கு வரும். சம்பாதித்தவன் கையில் காசு இருக்கட்டும், பெற்றவள் கையில் பிள்ளை இருக்கட்டும், மீதியைச் சர்க்கார் பார்க்கட்டும். இதற்கு ஒரு கட்சியும் ஒரு ரேடியோவும் இருக்கிறது என்று டெக்சாஸ் வந்துதான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று அந்த மனிதர் ஒருநாள் ஆரம்பித்தார். நான் ரேடியோவை அணைத்தேன். மூன்று நாள் அதைத் தொடவில்லை. அங்கிளிடம் போய் நேராகவே கேட்டேன். "அவர் உன்னைச் சொல்லவில்லை" என்றார் அங்கிள். என்னைச் சொல்லவில்லை என்றால் என்னைப் போல இன்னொருத்தியைச் சொல்கிறார் என்றேன். அங்கிள் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அந்த ஆகஸ்டில் மகள் முதல் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வீட்டில் பேசும் மொழி எது? உண்மை என்னவென்றால் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆனால் பேனா கையில் இருந்தபோது அந்தப் பாதி உண்மையை எழுத எனக்கு மனம் வரவில்லை. தமிழ் என்று பெரிய எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மகளை மொழிக்கான ஸ்பெஷல் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், சம்மதம் என்றால் கையெழுத்துப் போடவும் என்றிருந்தது.

ஸ்பெஷல் கிளாஸ் என்றால் ஈரோட்டில் என்ன? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் காலையிலும் சாயங்காலமும் உட்கார வைத்துக் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பது. நான் உடனே என் கணவருடைய ஆபீசுக்கு போன் போட்டேன்.

"பாப்பாவ ஸ்பெஷல் கிளாஸ்ல போட்டிருக்காங்க. காசு கூட இல்லீங்களாம், ஃப்ரீயாம்."

"சைன் பண்ணி அனுப்பு, நல்லதுதானே" என்றார் அவரும். முதுநிலைப் பட்டம் பெற்ற இரண்டு பேர் சேர்ந்து செய்த முட்டாள்தனம் அது.

அக்டோபரில் ஒருநாள் அவள் பையைத் திறந்தபோது ஒரு ஆப்பிள் படம் இருந்தது. சிவப்பு கிரேயானில் தீட்டியிருந்தாள். அடியில் ஏ என்ற எழுத்தைப் பத்து தடவை எழுதியிருந்தாள். வீட்டில் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்த தடித்த கதைப் புத்தகங்களைச் சோபாவில் படுத்துக்கொண்டு படிக்கிற பெண் அவள்.

"இதென்ன பாப்பா? ரீடிங் கிளாஸ்ல இதா பண்றீங்க?"

"ஐ டோன்ட் ஹேவ் ரீடிங், அம்மா. தட்ஸ் வென் ஐ கோ டு தி அதர் ரூம்."

"அந்த ரூம்ல என்ன சொல்லித் தராங்க?"

"கலர்ஸ்." கொஞ்ச நேரம் பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். பிறகு கேட்டாள். "அம்மா, ஆம் ஐ டம்ப்?"

அந்தக் கையெழுத்து என் கையெழுத்து. என் பிள்ளை தன்னை மக்கு என்று நினைக்க நானே சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கான அந்த வகுப்புகளைக் கவனிக்கும் அம்மாள் மிக இனிமையானவர். சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்து மகள் எழுதிய பரீட்சையைக் காட்டினார். உண்மையில் அது எழுதும் பரீட்சை இல்லை, படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்களாம். கரண்டிப் படம், தலையணைப் படம், துடைப்பம், சீப்பு, துண்டு. என் மகள் ஒன்றையும் விடாமல் பதில் சொல்லியிருக்கிறாள்: கரண்டி, தலகாணி, சீமாறு, சீப்பு, துண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலம் இல்லை என்று குறித்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் அடுப்படியிலும் படுக்கையிலும் இருக்கும் சாமான்களுக்கு மட்டும் தமிழ்ப் பேர்தான், வேறு பேர் அவள் கேட்டதே இல்லை. டைனோசரைக் கேட்டிருந்தால் பத்து வகை சொல்லியிருப்பாள். இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் வகுப்பு மாற்றத்தை முடிவு செய்யும் கமிட்டி வருடக் கடைசியில்தான் கூடுமாம், அதுவரை மாற்ற முடியாதாம்.

"இங்கே அவள் பாதுகாப்பாக உணர்வாள். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கைதான் முக்கியம்" என்றார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தங்க ஸ்டிக்கர்கள் மின்னின. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு ஸ்டிக்கர். உட்கார்ந்திருந்ததற்கு ஒன்று, எழுந்து நின்றதற்கு ஒன்று. அந்த ரேடியோக்காரர் மதியம் மதியம் எதைக் கண்டு கொதிக்கிறார் என்று அந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்கு முழுசாகப் புரிந்தது. பாடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டிக்கர் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரும்?

நேராக அங்கிள் வீட்டுக்குப் போனேன். ஊரில் வீட்டுக்கு வீடு இலவசமாக வீசிவிட்டுப் போகும் ஒரு வாரப் பத்திரிகையில் அவர் மாதம் ஒரு கட்டுரை எழுதுவார். எல்லாம் வலதுசாரிக் கருத்துகள். இந்த மாதம் அவருடைய இடத்தை எனக்குத் தருவதாகச் சொன்னார். "நீ எழுது. நான் ஆங்கிலத்தை மட்டும் பார்க்கிறேன்."

வீட்டில் என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். இப்பப் போயி பேப்பர்ல எழுதறேங்கறியே."

"பேர் போடலீங்க. ஒரு அம்மான்னு மட்டும் போடறேன்."

"இந்த ஊர்ல கரண்டின்னு சொல்ற அம்மா எத்தன பேர் இருக்காங்கன்னு நினைக்கறே?"

இருந்தாலும் எழுதினேன். இரண்டு நாள் எழுதி அங்கிளிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் தட்டச்சுப் பிரதி வந்தது. ஆங்கிலத்தை அழகாகச் சரி செய்திருந்தார். கடைசியில் அவராகவே ஒரு பத்தியும் சேர்த்திருந்தார். இந்த நாட்டுக்கு வருகிறவர்கள் பழைய மொழியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று என் வாயால் சொல்ல வைத்திருந்தார். சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இந்தப் பத்தி என்னுடையது இல்லை."

"அதற்குத்தான் எல்லோரும் கைதட்டப் போகிறார்கள்" என்றார்.

"தட்டட்டும். நான் தமிழை ஏர்போர்ட்டில் விடவில்லை, விடவும் மாட்டேன்."

"அப்படியானால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம்தான் வேண்டும் என்று எப்படிக் கேட்பாய்?"

எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் நன்றாக வரும். "நீங்களும் உங்கள் ரேடியோக்காரரும் தினமும் என்ன சொல்கிறீர்கள்? சர்க்கார் வாசற்படியோடு நிற்க வேண்டும் என்றுதானே? என் வீட்டில் கரண்டிக்கு என்ன பேர் என்று கேட்டது யார்? சர்க்கார். அதை வைத்து என் பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பியது யார்? அதே சர்க்கார். இப்போது நீங்கள் கரண்டியின் பேரையே மாற்றச் சொல்கிறீர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பள்ளிக்கூடம் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தரட்டும். என் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்தப் பத்தியை வாசித்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்தார். "நீ என்னைவிடக் கன்சர்வேடிவ்" என்றார். இந்த முறை இருவருக்கும் அந்த வார்த்தைக்கு ஒரே பொருள்தான்.

'என் சமையலறைக்குள் அரசாங்கம்' என்று தலைப்புப் போட்டு அது வெளிவந்தது. பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன. பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போ என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்படித்தான் தன் பேரனையும் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பள்ளி மட்டும் அசையவில்லை. மகள் தினமும் அந்த அறைக்குப் போய் வந்தாள். வீட்டில் புத்தகத்தைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அங்கிள் ஒரு மெஷினைத் தொடுவதற்கு முன் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் ரகம். கல்வி மாவட்ட அலுவலகத்துக்குப் போய், விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பெற்றோர் எழுத்தில் கேட்டால் எந்த நேரத்திலும் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. வருடக் கடைசி என்ற பேச்சே அதில் இல்லை. அன்றே கடிதம் கொடுத்தோம். இரண்டு வாரம் ஆகியும் பதில் வரவில்லை. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி போர்டின் கூட்டத்தில் பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம் என்றார் அங்கிள். "நீ ஒரு நிமிடம் பேசு. மீதியை அவள் படிக்கட்டும்."

என் மகள் புது ஆட்களைப் பார்த்தால் என் பின்னால் ஒளிகிறவள். அத்தனை பேர் முன்னால் வாய் திறக்காமல் நின்றுவிட்டால் அந்த அறையை விட்டு அவள் வெளியே வரவே முடியாது. அதையும் யோசித்துப் பார்த்தேன். இருந்தாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாலை ஏழு மணிக்குக் கூட்டம். மேடையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். வர மாட்டேன் என்று சொல்லியிருந்த என் கணவர் ஆபீசிலிருந்து நேராக வந்து, டையைக்கூடத் தளர்த்தாமல் முதல் வரிசையில் அங்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பேரைக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். "என் மகளுக்கு ஆங்கிலம் வராது என்று உங்கள் கோப்பு சொல்கிறது. உங்கள் விதிமுறையை அவளே உங்களுக்குப் படித்துக் காட்டுவாள்" என்று சொல்லி மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினேன்.

அவள் மைக்கைப் பார்த்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். யாரோ இருமினார்கள். முன்வரிசையிலிருந்து என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "படி கண்ணு."

படித்தாள். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் வரியில் குரல் எழுந்தது. புரொஃபிஷியன்ஸி, அசெஸ்மென்ட், நோட்டிஃபிகேஷன் என்று பெரியவர்களே தடுக்கி விழும் சொற்களை நிறுத்தி நிறுத்தி, ஒன்றுகூடப் பிசகாமல் படித்தாள். நடுவில் டைமர் மணி அடித்தது. தலைவர் முன்னால் குனிந்து, "மேம், யுவர் டைம் இஸ் அப்" என்றார்.

என் மகள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஐ ஹேவ் ஒன் மோர் பாராகிராஃப்" என்றாள்.

கூடம் சிரித்தது, பிறகு கைதட்டியது. தலைவர் கையைக் காட்டினார். பெற்றோர் எந்த நேரத்திலும் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்தக் கடைசிப் பத்தியை அவள் முழுசாகப் படித்து முடித்தாள். அங்கிள் எழுந்து நின்று தட்டினார். செங்கொடி பிடித்தவரின் மகன் அவருக்குப் பக்கத்தில் எழுந்து நின்று தட்டினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

திங்கட்கிழமை அவள் ரீடிங் வகுப்புக்குப் போனாள். விதிமுறையின் அந்தப் பத்தியை எல்லாப் பெற்றோருக்கும் தபாலில் அனுப்ப வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் போர்டு முடிவு செய்தது. நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. அங்கிள் பத்திரிகையில் தன் இடத்தை மாதம் விட்டு மாதம் எனக்கென்றே ஒதுக்கினார். கால்குலேட்டர், வாய்ப்பாடு, வரி என்று வருடக்கணக்கில் எழுதித் தள்ளினேன்.

போர்டின் தபால் வீடுகளுக்குப் போன மறுவாரம், பள்ளி விடும் நேரத்தில் கார் வரிசையில் நின்றிருந்தேன். ஒரு வியட்நாமியப் பெண் என் கார்க் கண்ணாடியைத் தட்டினார். கையில் அந்தத் தபால் இருந்தது. தன் மகனையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கும் அது டியூஷன் என்றுதான் தோன்றியதாம். பிறகு கேட்டார், "யூ வோட்?"

எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டே வரவில்லை என்றேன்.

"ஐ ஹேவ் வோட்" என்றார். "யூ டெல் மீ. ஹூ சேட் நோ?"

எதிர்த்த மூவரில் ஒருவர் மே மாதப் போர்டு தேர்தலில் மறுபடியும் நின்றார். அவர் பேரைச் சொன்னேன். ஊரில் இருந்தபோதுகூட யாரும் என் கருத்தைக் கேட்டு ஓட்டுப் போட்டதில்லை, என் கணவர் உட்பட. தேர்தலன்று அந்தப் பெண்ணையும் அவருடைய அக்காள் தங்கைகள் மூவரையும் என் காரில் ஏற்றி ஓட்டுச் சாவடிக்குக் கொண்டுபோய் விட்டேன். நான் வெளியே வெயிலில் காத்திருந்தேன். எதிர்த்தவர் தோற்றது மறுநாள்தான் தெரிந்தது.

சாவடியிலிருந்து அந்த வியட்நாமியப் பெண் வெளியே வந்தபோது சட்டையில் ஓட்டுப் போட்டேன் என்ற சிறிய ஸ்டிக்கர் இருந்தது. என்னிடம் வந்து அதை நகத்தால் மெதுவாக உரித்தார். என் தோளில் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"ஹாஃப் யுவர்ஸ்" என்றார்.